யார் வீட்டுப் பறவை?

அமெரிக்காவிலிருந்து முதன்முறையாகக் கோஸ்டாரிகா போய்வந்த நண்பர் ஒருவர் தன் பயணக் குறிப்பை அனுப்பியிருந்தார். தமிழ்நாட்டில் பாதிகூட இல்லாத நாடு; பறவை இனங்களோ 900-க்கு மேல். டூக்கான், கெட்ஸால், ஓசனிச்சிட்டு என்று எதிர்பார்த்தவை எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் மனிதர் அரைப்பக்கம் உருகியிருந்தது, விடுதித் தோட்டத்தில் வைத்த வாழைப்பழத்தைக் கொத்த வந்த ஒரு பால்டிமோர் ஓரியோலைப் பற்றி. நம் மாங்குயிலுக்கு அது பெயரளவில்தான் உறவு. மேரிலாந்தின் மாநிலப் பறவை. பால்டிமோர் பேஸ்பால் அணிக்கே அதன் பெயர்தான். ‘எங்கள் கொல்லைப் பறவைக்கு இங்கே என்ன வேலை?’ என்று முதலில் திகைத்திருக்கிறார். பிறகுதான் கணக்குப் போட்டிருக்கிறார். ஏப்ரல், மே வாக்கில் வடக்கே போய், கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, ஜூலை, ஆகஸ்டிலேயே கிளம்பத் தொடங்கிவிடும் பறவை அது. ஆண்டில் பாதிக்கும் மேல் அதற்கு வெப்பமண்டலத்தில்தான் குடித்தனம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துபோகிற பெண்ணை, இன்னும் எங்கள் வீட்டுப் பெண் என்று தெருவே சொந்தம் கொண்டாடுவதில்லையா, அந்தக் கதைதான். நண்பர் இப்போதெல்லாம் ‘எங்கள் ஊர்ப் பறவை’ என்று சொல்வதில்லையாம். ‘எங்கள் ஊருக்கு வந்துபோகிற பறவை’ என்கிறார்.