இறங்கத் தெரிந்ததும் வீரம்தான்



கால் கட்டுப் பிரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி பைக் பந்தயத்துக்குப் போகிறேன் என்கிறான் என் மாணவன் ஒருவன். அவன் பதிவுக்குக் கீழே வரிசையாக "சிங்கம்டா!" டாக்டர் என்ன சொன்னார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

1976 ஆகஸ்டில் தீயில் கருகிய நிக்கி லாடா ஆறே வாரத்தில் கார் பந்தயத்துக்குத் திரும்பினார். அதைப் பகிர்கிறீர்கள். அதே அக்டோபரில் ஜப்பானில், கொட்டும் மழையில், உயிர்தான் முக்கியம் என்று இரண்டே சுற்றில் காரை விட்டு இறங்கினாரே, அதை ஏன் சொல்வதில்லை? உலகப் பட்டம் ஒரே புள்ளியில் போனது. 1977இல் மீண்டும் வென்றார்.

தம்பி, போ. எலும்பு கூடியபின் போ. எங்கள் கைதட்டலுக்காகப் போகாதே. நீ விழுந்தால் ஆஸ்பத்திரியில் கண்விழிக்கப்போவது உன் அம்மா, நாங்களல்ல.