கடன் நாட்டினுடையது, சுமந்தது நமது சேமலாப நிதி

பொருளாதாரம் நிமிர்ந்துவிட்டது, கடன் மறுசீரமைப்பு வெற்றி என்று கொழும்பில் பேசுகிறார்கள். இருக்கட்டும். அந்த மறுசீரமைப்பின் உள்நாட்டுச் சுமையைத் தாங்கியது யார் என்பதை ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும். தாங்கியவர்களில் நாமும் இருக்கிறோம்.

2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி வந்தது. அதே ஆண்டு யூலை 1ஆம் திகதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்துத் திறைசேரி முறிகளை வைத்திருந்தவர்கள் பலர். வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், முதலீட்டு நிறுவனங்கள், வசதி படைத்த தனிநபர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அவர்களுடைய முறிகளில் கை வைக்கவில்லை. பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு நீண்ட காலத்துக்குரிய புதிய முறிகளை எடுக்கும்படி ஊழியர் சேமலாப நிதியிடமும் அதுபோன்ற ஓய்வுகால நிதிகளிடமும்தான் கேட்டார்கள். மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும் என்று சட்டமும் செய்தார்கள். தடியை ஓங்கிக்கொண்டு சம்மதம் கேட்பதற்கு இது எவ்விதத்தில் குறைந்தது?

அரசாங்கம் சொன்ன நியாயம், வங்கிகள் ஏற்கனவே நொந்திருக்கின்றன, அவற்றைத் தொட்டால் மக்களின் வைப்புப் பணம் ஆபத்துக்குள்ளாகும் என்பது. வைப்புப் பணம் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் சேமலாப நிதி யாருடைய வைப்பு? பிரட்டுக்களத்தில் பேர் விழுந்து, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டுக் கொழுந்தெடுத்த கைகளின் வைப்பு அது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தபோது நமது 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் சேர்ந்து நாளொன்றுக்கு 200 ரூபா அதில் சேர்ந்தது. வேறு வங்கிக் கணக்கில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு வயோதிப காலத்தின் ஒரே சேமிப்பு இதுதான்.

யாருடைய மீதியிலும் ஒரு சதம்கூடக் குறையவில்லை, குறைந்தது 9 வீத வட்டிக்கு உத்தரவாதம் உண்டு என்றும் சொன்னார்கள். 2022ஆம் ஆண்டுக்குக் கிடைத்ததும் அதே 9 வீதம்தான். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. 100 ரூபாவுக்கு 9 ரூபா வட்டி. 100 ரூபாச் சாமானோ ஏறத்தாழ 170 ரூபா. புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை, இலக்கத்தின் பெறுமதி கரைந்தது. அன்று விழுந்த பள்ளத்தைப் பின்னர் வந்த வட்டி எதுவும் நிரப்பவில்லை.

இதற்கு மேல், 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. கடையில் சாமான் வாங்கும்போது கம்பனி முதலாளி கட்டும் அதே வீதத்தைத்தான் லயத்துத் தாயும் கட்டுகிறாள். நெருக்கடியை உண்டாக்கியவர்கள் நாமல்ல. கடன் வாங்கும்போது நம்மைக் கேட்கவில்லை, கட்டும்போது மட்டும் நம்மைத் தேடி வருகிறார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. சேமலாப நிதியை மத்திய வங்கி மட்டும் நிர்வகிக்கும் நிலை மாறி, முதலீடு பற்றிய முடிவுகளில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும் இடம் வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தை உரிய காலத்தில் கட்டாத நிர்வாகங்கள் மீது தொழில் திணைக்களம் தயங்காமல் வழக்குத் தொடர வேண்டும். சம்பள உயர்வு அடிப்படைச் சம்பளத்திலேயே வர வேண்டும். சேமலாப நிதிக்குக் கணக்கில் வராத ஊக்குவிப்புத் தொகையாக வந்தால், இன்று கையில் கிடைத்தாலும் நாளை பழைய கணக்குத்தான். வரிச்சுமை அரிசி மாவிலிருந்து பெருஞ்சொத்துகளுக்கு மாற வேண்டும்.

கொழும்பில் போராடுவது மட்டும் போதாது, தோட்டத்திலும் வேலை இருக்கிறது. உங்கள் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், மாதாந்தக் கட்டணம் சரியாக உள்ளனவா? ஓர் எழுத்துப் பிழையால் பணம் எடுக்க ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மிடையே உண்டு. பிழையிருந்தால் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கே கொண்டு வாருங்கள். ஒருவர் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். தோட்டமே கணக்குக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.