கழற்றிய காலணி

பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து, கால் வீங்கி மீனம்பாக்கத்தில் இறங்கும் கனவான், மாமல்லபுரத்துச் சொகுசு விடுதிக்கு வந்ததும் முதல் காரியமாகக் காலணியைக் கழற்றுகிறார். கடலுக்கு எதிரிலேயே நீச்சல் குளம்! 'அப்பழுக்கில்லாத இயற்கை' என்று பூரிக்கிறார். பூரிக்கட்டும்.

கழற்றிய காலணி எங்கள் ஆம்பூர்ச் சரக்காகவும் இருக்கலாமே. இந்தப் பக்கத்துத் தோல் கழுவிய நீர் எங்கே போயிற்று என்று கேட்டாரா? சத்துவாச்சாரி வழியாகப் போகும் பாலாற்றில் எத்தனையோ ஆண்டுகள் இறங்கிற்று. கெடுத்தவனே ஈடு கட்டவேண்டுமென்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. தோல் பதனிடும் தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம்! இன்று அந்த விடுதியில் ஓர் இரவுக்கே அது காணுமா என்பது சந்தேகம். பதனிட்டவனுக்கு அபராதம், சரி; போட்டு நடந்தவருக்கு?

அவர் விடுதிக்குத் தெற்கே, வயலூரருகே, அந்தப் பாலாறுதான் கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் போனால் தண்ணீரும் இருக்கும்.