ராஜ வீதியில் நடப்பவர்க்கும் உரிமை உண்டு

1878-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்ற சர் ஏ. சேஷய்ய சாஸ்திரியாரின் பெருமுயற்சியால் திருத்தியமைக்கப்பட்டு, நான்கு ராஜ வீதிகளும் அவற்றுக்கு இணையாக ஓடும் நேர்த் தெருக்களுமாக விளங்கும் புதுக்கோட்டை நகரம், கால்நடையாகச் செல்வோருக்கு இத்தனை அனுகூலமான அமைப்பைப் பெற்றிருந்தும், அவர்களையே ஓரங்கட்டி வைத்திருப்பது பெரிதும் வருந்தத்தக்கது. மாலை வேளையில் கீழராஜ வீதியில், சாக்கடையை மூடிய சிமெண்டுப் பலகைகளின்மேல் கடைத் தட்டிகளும், அவற்றை ஒட்டி வரிசையாக மோட்டார் சைக்கிள்களும் நிற்க, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் துணிப்பையுமாக வரும் தாய், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பேருந்துக்கு அஞ்சி, எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று அறியாமல் தவிக்கிறாள். தேரோடும் நாளில் வீதி முழுவதையும் ஜனங்களுக்கே விட்டுக்கொடுக்கும் நாம், மற்ற நாட்களில் ஆறடி நடைபாதையேனும் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்?

வியாபாரம் கெடும் என்ற அச்சம் கடைக்காரர்களுக்கு இருப்பது இயல்பே. ஆயினும் நடந்து வருபவரே கடை வாசலில் நின்று பார்த்து, உள்ளே நுழைபவர். கடைவீதியில் நடைபாதை அமைப்பது புதிதுமன்று; சென்னையின் கடைவீதியான பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. நடைபாதைக்காகத் தள்ளுவண்டிக்காரர்களையும் பூக்காரிகளையும் விரட்டவும் வேண்டியதில்லை. அவர்களுக்கு உரிய இடத்தை ஒதுக்க 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமே வழி செய்கிறது.

மாநகராட்சியார் முதலில் கீழராஜ வீதி ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு, வாகனங்களுக்குத் தனி நிறுத்துமிடம் கண்டு, இரு மருங்கிலும் தடையற்ற நடைபாதையும் நிழல் மரங்களும் அமைத்துத் தருமாறு வேண்டுகிறேன்.