வீட்டுக்கு அடியில் அறை தேவையா?
வாங்கும் முன் யோசியுங்கள்!

வீடு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்து விடுங்கள்.

கடையநல்லூரில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். குடும்பத் தலைவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மனைவியும் மாமனாரும் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். தரகர் சுற்றிக் காட்டுகிறார். கடைசியாக ஒரு கதவைத் திறந்து, கீழே இறங்கும் படிக்கட்டைக் காட்டுகிறார்.

"பாருங்க அண்ணாச்சி! பூமிக்கு அடியிலேயும் ஒரு ஹால் இருக்கு. இந்தத் தெருவிலே வேற எந்த வீட்டிலேயும் இது கிடையாது. அதுக்குத்தான் விலை கொஞ்சம் கூட!"

மாமனார் வியந்து போகிறார். கோடையில் குளுகுளு என்று இருக்கும், சாமான் போடலாம், பேரப்பிள்ளைகள் படிக்கலாம் என்று எண்ணுகிறார்.

அந்த அறைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பணம் அல்லவா? யோசிக்கத்தான் வேண்டும்.

ஒரு சொல், இரண்டு பொருள்

"பேஸ்மென்ட்" என்ற சொல் நம் ஊரில் இரண்டு பொருளில் வழங்குகிறது.

கொத்தனாரிடம் கேட்டால், "பேஸ்மட்டம்" என்பார். அஸ்திவாரத்துக்கு மேலே, தரை போடும் உயரம் வரை எழுப்பும் கட்டுமானம் அது. அது பூமிக்கு மேலே இருப்பது. "வேலை பேஸ்மட்டம் வரை வந்துவிட்டது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

பட்டணத்துக்காரர்கள் பேஸ்மென்ட் என்றால், பூமிக்குக் கீழே உள்ள அறை. அதை நிலவறை என்று சொல்லலாம்.

ஒன்று வீட்டை மேலே தூக்குகிறது. மற்றது வீட்டைக் கீழே இறக்குகிறது. வீடு வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது எது? மேலே தூக்குவதைத்தான்!

குளிர் நாட்டு வழக்கம்

கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் பல வீடுகளுக்கு நிலவறை உண்டு. அதற்குக் காரணம் பனி.

குளிர்காலத்தில் அங்கே மண்ணில் உள்ள ஈரம் உறைந்து கட்டியாகிறது. உறைந்த மண் உப்பும். உப்பினால் அஸ்திவாரத்தைத் தூக்கி விடும். சுவர் வெடிக்கும். ஆகவே, உறையாத ஆழம் வரை தோண்டித்தான் அஸ்திவாரம் போடுகிறார்கள். பல இடங்களில் அது 4 அடி, அதற்கும் மேல். இவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறை கிடைத்து விடுகிறது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பை அங்கே வைக்கிறார்கள்.

கடையநல்லூரில் மண் உறைவது உண்டா? இல்லை. வீட்டைச் சூடாக்க வேண்டுமா? வேண்டாம். அந்த ஊர்த் தேவை வேறு. நம் ஊர்த் தேவை வேறு.

கொரியாவில் நடந்தது

தென் கொரியாவில் வேறொரு காரணம். வட கொரியாவுடன் போர் மூளலாம் என்ற அச்சத்தால், 1970-ம் ஆண்டு அங்கே கட்டடச் சட்டம் மாற்றப்பட்டது. புதிய வீடுகளின் அடியில் பதுங்கும் இடம் அமைக்கச் சொன்னார்கள்.

குண்டு விழவில்லை. ஆனால் வீட்டு வாடகை ஏறியது. ஏழைகள் அந்த அறைகளில் குடியேறினார்கள். தலைநகர் சியோலில் மட்டும் சுமார் 2 லட்சம் குடும்பங்கள் பாதி பூமிக்குள் அமைந்த அத்தகைய வீடுகளில் வசித்து வந்தன.

2022-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி இரவு அங்கே பெருமழை கொட்டியது. தெருவில் ஓடிய வெள்ளம் ஒரு வீட்டுக்குள் பாய்ந்தது. வெளியே நின்ற தண்ணீரின் கனத்தால் கதவைத் திறக்க முடியவில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 பேர் உள்ளேயே இறந்தார்கள். அதில் ஒருத்தி சிறுமி.

டெல்லியில் 3 மாணவர்கள்

கொரியா தொலைவில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம் தலைநகர் டெல்லியிலும் நடந்தது.

2024-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி. பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி நிலையம். அதன் நிலவறையில் நூலகம். அரசுப் பணித் தேர்வுக்குப் பிள்ளைகள் படித்துக் கொண்டிருந்தார்கள். மழை வெள்ளம் திடீரென்று உள்ளே பாய்ந்தது. 3 பேர் உயிரிழந்தார்கள். இரண்டு பெண்கள், ஓர் ஆண். அவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து மாநிலமான கேரளத்தைச் சேர்ந்தவர்.

அந்த இடம் சாமான் வைக்கவும் வண்டி நிறுத்தவும் மட்டுமே அனுமதி பெற்றது. அங்கே பிள்ளைகளை உட்கார வைத்ததுதான் வினையாயிற்று. "பேரப்பிள்ளைகள் படிக்கலாம்" என்று எண்ணும் தாத்தாக்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கும் கடையநல்லூருக்கும் பழைய உறவு. அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் 1941-லேயே ஏற்பட்டது. அங்கே போய் வந்தவர்களுக்கு நிலவறைக் கடைகள் புதிது அல்ல. வடிகாலுக்குப் பேர் போன அந்த நகரத்திலும், 2010-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி ஆர்ச்சர்டு சாலையில் வெள்ளம் புகுந்தது. நிலவறையில் இருந்த கடைகள் மூழ்கின. அவ்வளவு வசதியுள்ள ஊருக்கே அந்தக் கதி!

நம் ஊர் நிலைமை

கடையநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலையில் பெய்யும் மழை நம் பக்கம்தான் இறங்கி வருகிறது. பக்கத்தில் 72 அடி கருப்பாநதி அணை. சுற்றிலும் குளங்கள், வாய்க்கால்கள், நெல் வயல்கள்.

குளம் நிறைந்தால் கிணறு நிறையும். இது நமக்குத் தெரிந்ததே. அப்படியானால், 10 அடி ஆழத்தில் தோண்டிய அறை என்ன ஆகும்? மேலே கூரை போட்டிருந்தாலும் மண்ணுக்கு அதுவும் ஒரு கிணறுதான்!

நெசவாளர் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கடையநல்லூர் நெசவுக்குப் பேர் பெற்ற ஊர். குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர், குழிக்குள் காலை வைத்துத்தான் மிதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குழியில் ஈரம் ஊறும். சில வீடுகளில் தண்ணீரே நிற்கும். தறி ஓடாது. தறி ஓடாத நாளில் கூலி கிடையாது. முழங்கால் அளவு குழிக்கே இந்தப் பாடு. ஆள் நிற்கும் ஆழத்துக்கு எவ்வளவு பாடு!

மழையும் முன்போல் இல்லை. 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பேய் மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் பெய்தது. அப்படி ஒரு மழை நம் தெருவில் பெய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்துத்தான் வீடு வாங்க வேண்டும்.

தண்ணீரின் கனம்

தண்ணீர் கனமானது. குடம் சுமக்கும் தாய்மார்களுக்கு இது தெரியும்.

10 அடி ஆழ அறையைச் சுற்றி மண்ணில் தண்ணீர் நிறைந்து விட்டால், சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர அடி மீதும் சுமார் 280 கிலோ அழுத்தும். 75 கிலோ மூட்டை என்றால், கிட்டத்தட்ட 4 மூட்டை! சாதாரணச் செங்கல் சுவர் இதைத் தாங்காது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் வேண்டும். அதிலும் தண்ணீர் கசியாமல் வேலை செய்திருக்க வேண்டும்.

கதவும் அப்படியே. 3 அடி அகலக் கதவின் வெளியே 2 அடி உயரம் தண்ணீர் நின்றால் போதும். சுமார் 170 கிலோ கனம் அதன் மேல் சாயும். கனத்த ஆட்கள் இரண்டு பேர் வெளியே சாய்ந்து நிற்பது போல! உள்ளே இருக்கும் பாட்டியோ குழந்தையோ அதைத் தள்ளித் திறக்க முடியுமா?

"மோட்டார் போட்டு இறைத்து விடலாம்" என்பார்கள். பெருமழை வந்தால் முதலில் நிற்பது மின்சாரம். மின்சாரம் நின்றால் மோட்டாரும் நின்று விடும். ஜெனரேட்டரை நிலவறையில் வைத்து ஓட்டுவதோ அதைவிட ஆபத்து. அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. மூடிய அறையில் ஆளைக் கொன்று விடும்.

விதி என்ன சொல்லுகிறது?

இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. நிலவறை 2.4 மீட்டராவது உயரம் இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது சுமார் 8 அடி. காற்று வர வழி வேண்டும். மேலே ஓடும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. சுவரும் தரையும் ஈரம் புகாதபடி இருக்க வேண்டும். இவை எல்லாம் அந்த விதிகள்.

அதே தொகுப்பு இன்னொன்றும் சொல்லுகிறது. வீட்டுத் தரை, சுற்றியுள்ள நிலத்தை விட 45 சென்டி மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். சுமார் ஒன்றரை அடி. இதுதான் கொத்தனார் சொல்லும் பேஸ்மட்டம்.

ரோடு உயர்ந்தால் வீடு தாழும்

ஒன்றரை அடி என்பது குறைந்த அளவு. அது மட்டும் போதாது. ஏன்?

ரோடு போடும்போது, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போடுவது வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரோடு சில அங்குலம் உயரும். வீடு உயராது. படி ஏறிப் போன வீட்டுக்கு, சில ஆண்டுகளில் படி இறங்கிப் போக வேண்டி வரும்! தெருத் தண்ணீர் எல்லாம் வீட்டுக்குள்தான்.

2021-ம் ஆண்டு மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் இதற்கு ஓர் உத்தரவு போட்டார். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்து விட்டுத்தான் புதிய ரோடு போட வேண்டும் என்றார். நல்ல உத்தரவு. உங்கள் தெருவில் ரோடு போட வந்தால், அதை நினைவூட்டுங்கள்.

சென்னையில் தாழ்ந்து போன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். சுவர்களின் அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வீட்டையே சில அடி உயர்த்தி விடுகிறார்கள். பார்க்க அதிசயம். ஆனால் செலவோ கொஞ்சம் அல்ல!

அதே மண்தான்!

புதிதாகக் கட்டுவோருக்கு ஒரு சின்னக் கணக்கு.

20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி ஆழத்தில் நிலவறை தோண்டினால், 4,000 கன அடி மண் வெளியே வரும். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 40 யூனிட் மண்ணை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

1,000 சதுர அடி வீட்டை 3 அடி உயர்த்த எவ்வளவு மண் வேண்டும்? 30 யூனிட் போதும். தண்ணீர் விட்டு, திமிசு போட்டு, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். கம்பி, கான்கிரீட் செலவையும் சேர்த்தால், நிலவறைக்கு ஆகும் பணம் இதைவிடப் பல மடங்கு.

கோடையில் நிலவறை குளிர்ச்சி என்பது உண்மை. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று நமக்கு இலவசம். மேற்கே ஒரு நல்ல ஜன்னல் இருந்தால் அதை அனுபவிக்கலாம்.

எப்போது வாங்கலாம்?

நிலவறை என்றாலே கூடாது என்று சொல்லவில்லை.

சரிவான மேட்டு நிலத்தில் வீடு இருக்கலாம். ஒரு பக்கம் மண்ணுக்குள்ளும், மறு பக்கம் வெளிச்சத்திலும் அமைந்த கீழ்த்தளம் அங்கே இருக்கும். தண்ணீர் தானாக வடிந்து போகும். கதவைத் திறந்து நேரே வெளியே வரலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இப்படிப் பல வீடுகளைப் பார்க்கலாம். அது நல்ல இடம்தான்.

சமதளத்தில் உள்ள நிலவறை என்றால், இவற்றைப் பாருங்கள்:

1. நகராட்சி அனுமதித்த வரைபடத்தில் அந்த அறை இருக்கிறதா? என்ன உபயோகத்துக்கு அனுமதி? வில்லங்கச் சான்று, மூலப்பத்திரத்தோடு இதையும் கேட்டு வாங்குங்கள்.

2. சுவரின் அடியில் வெள்ளை பூத்திருக்கிறதா? சுண்ணாம்பு உதிர்கிறதா? புதிதாக வர்ணம் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். மூக்கையும் உபயோகியுங்கள். ஈர வாடையை வர்ணம் மறைக்காது.

3. வெளியேற இரண்டாவது வழி உண்டா?

4. மின்சாரப் பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாம் கீழே இருக்கின்றனவா? இருந்தால் மேலே மாற்ற வேண்டும்.

5. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். "போன கார்த்திகையில் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது?" தரகர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

முடிந்தால் மழை நாளில் ஒரு தடவை வீட்டைப் போய்ப் பாருங்கள். வாசலில் நின்று, தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். வீட்டை விட்டு விலகி ஓடினால் நல்லது. வீட்டை நோக்கி வந்தால், அடியில் எவ்வளவு அழகான ஹால் இருந்தாலும் விலகிக் கொள்ளுங்கள்.

நிலவறை இல்லாத வீட்டில் குறை ஒன்றும் இல்லை. பேஸ்மட்டம் தாழ்ந்த வீட்டில்தான் மழைக்கு மழை கவலை.

நம் பெரியவர்கள் வாசலில் திண்ணை வைத்து, நாலு படி ஏறி வீட்டுக்குள் போனார்கள். அந்த நாலு படி இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள். கீழே இறங்கும் படியைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்!