யோகாவுக்கு விசா, பொம்மைக்கு?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில சித்தப்பா அச்சுல பொம்மை வார்க்கிறார். ஊருக்குப் போனப்ப கேட்டார்: "பிரிட்டனோட ஒப்பந்தம் போட்டாங்களாமே, நாங்களும் போகலாமாடா?"

2025 ஜூலை 24-ல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. யோகா ஆசிரியர், இசைக் கலைஞர், சமையல் கலைஞர்னு வருஷத்துக்கு 1,800 பேர் வரை ஒப்பந்த வேலைக்குத் தற்காலிகமா போக வழி வச்சிருக்காங்க. கம்பெனி அனுப்பினா என்னை மாதிரி பொட்டி தட்டறவனுக்கும் உண்டு. சித்தப்பாவுக்கு? வியாபார விஷயமா போய் ஆர்டர் பேசலாம், அவ்ளோதான். அங்கே உட்கார்ந்து பொம்மை செஞ்சு விக்க முடியாது.

தோசை சுடறது கலைன்னா சூளையில சுடறது கலை இல்லையா? (சமையல் பதிவர்கள் கோச்சுக்காதீங்க!) பட்டியல்ல கைவினைஞருக்கும் ஒரு வரி கேட்டிருக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

"ஆர்டர் பேசிட்டு வாங்களேன் சித்தப்பா"ன்னேன்.

"இங்கிலீஷ்ல பேசணுமேடா... நீ வேணா கூட வாயேன்."