வீடிருந்தும் வீடற்ற பிள்ளைகள்

கல்வராயன் மலையிலிருந்து சங்கராபுரம் வழியாக வெளியூர் செல்லும் மலையாளிப் பழங்குடியினரின் பயணம் ஆண்டுதோறும் நிகழ்வது. மிளகு பறிக்கக் கேரளம், கர்நாடகம் எனப் புறப்படும் பெற்றோருடன் பிள்ளைகளும் செல்கின்றனர். வேலைத்தலத்துக் குடிசையே சில மாதங்கள் அவர்களுக்கு வீடு. ஆயினும் கணக்கில் இவர்கள் வீடற்றோர் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சாலையோரத்திலும் கோயில் மண்டபத்திலும் ரயில் நடைமேடையிலும் உறங்குவோரையே வீடற்றோராகக் கொண்டது. நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். அமெரிக்காவின் மெக்கின்னி-வென்டோ சட்டமோ நிலையான, போதுமான இரவுத் தங்குமிடம் இல்லாத ஒவ்வொரு பிள்ளையையும் கல்வியைப் பொறுத்தவரை வீடற்றவராகக் கருதுகிறது.

இது வெறும் சொல் வழக்கு அன்று. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு நம் பகுதியிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தனர். கையில் காசில்லாத நாள்களில் அதே மனிதரின் சிந்தனைத் திறன் குறைந்தது. பணம் வந்ததும் மீண்டது. அறிவு குறைந்தவர் ஏழையாகிறார் என்ற பழைய வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் வளர்ந்தவர்கள், அறுவடை வந்ததும் மீண்டார்கள். வளரும் மூளைக்கு அந்தச் சலுகை எளிதில் கிட்டாது. தூக்கமின்மையும் நீடித்த அச்சமும் கார்ட்டிசால் சுரப்பை உயர்த்தி, நினைவாற்றலுக்கும் கவனத்துக்கும் உரிய மூளைப் பகுதிகளைப் பாதிக்கின்றன. பாதியாண்டு கழித்துத் திரும்பும் மாணவனை 'மந்தம்' என முத்திரை குத்தும் ஆசிரியர் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையும் விடுதியில் சேர்த்துவிடலாமா? மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. பள்ளி வயதினருக்கு அவை பெருந்துணை. பச்சிளம் குழந்தைகளுக்குப் பொருந்தாது. ருமேனியாவின் புகாரெஸ்ட் ஆய்வில், காப்பகங்களில் இருந்த குழந்தைகளுள் இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பம் கிடைத்தோரே அதிகம் தேறினர். எனவே சிறு குழந்தை தாயோடு செல்லட்டும். காப்பகம் வேலைத்தலத்தில் இருக்கட்டும். பெரிய தோட்டங்களில் அது வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கூறிவிட்டது.

மூத்த பிள்ளைகளுக்குப் பருவகால விடுதிகள் நடத்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடமுண்டு. காலம்தான் முக்கியம். மேஸ்திரியிடம் பெற்றோர் முன்பணம் வாங்கும் முன்பே விடுதிக்கு நிதி வந்திருக்க வேண்டும். குடும்பம் மலையிறங்கிய பின் திறக்கும் விடுதிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்?